எத்தனால்: முதல் பத்து சதவீதமும் இரண்டாவது பத்து சதவீதமும்

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் (பயிரிலிருந்து வடிக்கும் எரிசாராயம்) கலக்கும் இலக்கை இந்தியா 2025-இல் எட்டியது. 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கு அது. 2022-இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையைத் திருத்தி முன்னுக்கு இழுத்தார்கள், சொன்ன காலத்தில் முடித்தும் விட்டார்கள். அதையொட்டி நடந்த விவாதம் பெரும்பாலும் வண்டியைச் சுற்றியே இருந்தது. மைலேஜ் குறைகிறதா, பழைய வண்டியின் ரப்பர் குழாய்கள் தாங்குமா, எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்கில் கிடைக்க வேண்டாமா என்று கேட்டார்கள். இதற்காக உச்ச நீதிமன்றம் வரை போன பொதுநல மனு அந்த ஆண்டு செப்டம்பரில் தள்ளுபடியானது.

வண்டி வைத்திருப்பவர்களின் கவலை நியாயமானதுதான். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. ஆனால் இதைவிடப் பெரிய முடிவு ஒன்று நம் முன் நிற்கிறது. 20 சதவீதத்தோடு நிற்பதா, 27-க்கும் 30-க்கும் போவதா? எவ்வளவு கலந்தாலும், அந்த எத்தனால் எதிலிருந்து வர வேண்டும்? கரும்பு, மக்காச்சோளம், அரிசி, வைக்கோல் எல்லாவற்றிலிருந்தும் எத்தனால் எடுக்கலாம். எத்தனாலே வேண்டாம், சூரிய மின்சாரத்தில் வண்டி ஓட்டலாம் என்பதும் ஒரு வழி. இவற்றை ஒரே தட்டில் வைத்து "பசுமை எரிபொருள்" என்று அழைப்பது தவறு என்பதே என் கருத்து. ஒவ்வொன்றும் நிலத்திடமும் நீரிடமும் கேட்கும் விலை வேறு.

ஆலைக் கழிவிலிருந்து வருவது

சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்த பிறகு, இனி எடுக்க முடியாது என்ற நிலையில் மிஞ்சுவது மொலாசஸ் எனப்படும் கழிவுப்பாகு. ஒரு டன் கரும்பிலிருந்து கிடைக்கும் கடைசிக் கழிவுப்பாகில் சுமார் 10 லிட்டர் எத்தனால் வரும். ஒரு சுற்று முன்னதாகவே நிறுத்திக் கொஞ்சம் சர்க்கரையைப் பாகிலேயே விட்டுவிட்டால், அந்த இடைநிலைப் பாகில் 20 லிட்டர் வரை வரும். சர்க்கரையே எடுக்காமல் சாறு முழுவதையும் நொதிக்க வைத்தால் 70 லிட்டர்.

இந்த மூன்று எண்களில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. நாட்டின் ஆலைகள் ஆண்டுக்கு அரைக்கும் கரும்பு சுமாராக 30 கோடி டன். கடைசிக் கழிவுப்பாகை மட்டும் நம்பினால் 300 கோடி லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். நாம் எரிக்கும் பெட்ரோல் ஆண்டுக்கு 5,000 கோடி லிட்டரைத் தாண்டிவிட்டது என்பதால், அது 6 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இடைநிலைப் பாகையும் பயன்படுத்தினால் 10, 11 சதவீதம் வரை போகலாம். சர்க்கரை தேவைக்கு மேல் குவிந்து, மானியம் கொடுத்து ஏற்றுமதி செய்து, அதற்காக பிரேசிலும் ஆஸ்திரேலியாவும் குவாத்தமாலாவும் உலக வர்த்தக அமைப்பில் நம்மீது வழக்குப் போட்ட ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். அத்தகைய ஆண்டில் உபரிச் சர்க்கரையை எத்தனாலாக மாற்றுவது புத்திசாலித்தனம். ஆலைக்கு எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து பணம் விரைவாக வருகிறது. கரும்பு விவசாயியின் நிலுவையைத் தீர்க்க வழி பிறக்கிறது. வெட்டிக் கொடுத்த கரும்புக்கு ஆண்டுக்கணக்கில் பணம் வராமல் ஆலை வாசலில் உட்கார்ந்த விவசாயிகள் தமிழ்நாட்டில் ஏராளம். இந்தப் பயனை அற்பமாகப் பேச எனக்கு மனம் வராது.

சுற்றுச்சூழல் கணக்கிலும் இது தேறும். கரும்பு சர்க்கரைக்காக விளைந்தது. நீரும் உரமும் அதன் பெயரில் செலவாகிவிட்டன. காய்ச்சி வடிக்கத் தேவையான வெப்பத்தைக் கரும்புச் சக்கையை எரித்தே பெறலாம். ஒரே குறை, ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 8 முதல் 15 லிட்டர் வரை கரும்பழுப்பு நிறக் கழிவுநீர் வெளியேறுகிறது. அதைச் செறிவாக்கி எரிக்கவோ, சாண எரிவாயு போன்ற வாயுவாக மாற்றவோ தொழில்நுட்பம் இருக்கிறது. கண்காணிப்பு இருந்தால் சமாளிக்கக் கூடிய சிக்கல் இது. ஆகவே முதல் பத்து சதவீதத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

சாறு முழுவதும் என்றால்

பத்தைத் தாண்டும்போது கரும்பின் கணக்கு தலைகீழாகிறது. இப்போது எரிபொருளுக்காகவே கரும்பு நடுகிறோம். ஓர் ஏக்கர் கரும்பு தன் பயிர்க்காலம் முழுவதும் சுமார் 2,000 மில்லிமீட்டர் நீர் கேட்கும். ஏக்கருக்கு 80 லட்சம் லிட்டர் என்று பொருள். ஏக்கருக்கு 40 டன் விளைந்தால், சாற்றிலிருந்து கிடைப்பது 2,800 லிட்டர் எத்தனால். வகுத்துப் பார்த்தால் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர். நிதி ஆயோக் அறிக்கை குறிப்பிடும் எண்ணும் இதேதான். கரும்பும் நெல்லும் சேர்ந்தே நாட்டின் பாசன நீரில் 70 சதவீதத்தைக் குடிக்கின்றன என்றும் அதே அறிக்கை எழுதியது. எழுதியவர்களே இலக்கை முன்னுக்கு இழுக்கவும் பரிந்துரைத்தார்கள்.

மகாராஷ்டிரத்தின் லாத்தூருக்கு 2016 ஏப்ரலில் மிரஜ் நகரிலிருந்து ரயிலில் குடிநீர் ஏற்றிச் சென்றார்கள். அதே மராத்வாடா வட்டாரம் கரும்புக்கும் சர்க்கரை ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் மழை பொய்த்த ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, கரும்புப் பரப்பே சுருங்கிப்போன அனுபவம் நமக்கும் உண்டு. இங்கே பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இறைக்கும் நீரின் செலவு விவசாயியின் கணக்கில் தெரிவதில்லை. நிலத்தடி நீர்மட்டத்தில்தான் தெரிகிறது.

இயற்கை தன் பங்குக்கு ஓர் எச்சரிக்கையும் கொடுத்துவிட்டது. 2023-இல் மழை குறைந்து கரும்பு விளைச்சல் விழும் என்று தெரிந்ததும், அந்த ஆண்டு டிசம்பர் 7 அன்று சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு தடை விதித்தது. கடன் வாங்கி வடிப்பாலை (எத்தனால் வடிக்கும் ஆலை) கட்டியவர்கள் திகைத்து நின்றார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் தடை முழுமையாக நீங்கியது. ஒரு பருவமழை தவறினால் நின்றுபோகும் எரிபொருளை எரிசக்திப் பாதுகாப்பு என்று எப்படி நம்புவது?

பிரேசிலைப் பாருங்கள் என்பார்கள். பார்க்க வேண்டியதுதான். 1975-இல் தொடங்கிய திட்டம், 2003 முதல் எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள், இன்று பெட்ரோலில் 30 சதவீதம். கரும்பை வளர்க்கவும் ஆலையை ஓட்டவும் ஒரு பங்கு புதைபடிவ ஆற்றல் செலவழித்தால் எட்டுப் பங்கு வரை திரும்பக் கிடைப்பதாக அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் சாவோ பாலோ மாநிலத்தின் கரும்பு பெரும்பாலும் மழையில் விளைகிறது. விழுப்புரத்துக் கரும்பு கிணற்று நீரில் விளைகிறது. அந்த ஒரு வேறுபாடு போதும், பிரேசிலின் முடிவை இங்கே அப்படியே எடுத்து ஒட்ட முடியாது.

மக்காச்சோளம்: இப்போது நடப்பது

இன்றைய இந்திய எத்தனாலில் பாதிக்கு மேல் தானியத்திலிருந்து வருகிறது. அதில் மக்காச்சோளத்துக்கே முதலிடம். ஒரு டன்னுக்கு 380 லிட்டர் கிடைக்கும். கரும்பைவிட நீர் குறைவு. பெரம்பலூர் போன்ற மாவட்டங்களில் மானாவாரியாகவே விளைகிறது. படைப்புழுவோடு போராடி, விலை விழுந்து நொந்துபோயிருந்த விவசாயிக்கு எத்தனால் ஒரு நல்ல விலையைக் கொண்டுவந்தது. ஆகவே கரும்புச் சாற்றோடு ஒப்பிட்டால் மக்காச்சோளம் மேல் என்று முதல் பார்வையில் தோன்றும்.

பிறகு நாமக்கல்லுக்குப் போங்கள். கோழித்தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். பல ஆண்டுகளாக மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு, 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்யத் தொடங்கியது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கத் தொடங்கிய திட்டம் தீவன இறக்குமதியில் கொண்டுபோய் விட்டது. முட்டை விலையில் அது ஏறும்போது, சத்துணவைத் தவிர வேறு புரதம் எளிதில் கிடைக்காத பிள்ளைகளின் வீட்டைத்தான் முதலில் தொடும்.

இன்னொரு சங்கிலி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்தை எடுத்துக்கொண்ட பிறகு, எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம் மிகுந்த சக்கை மிஞ்சுகிறது. அது தீவனச் சந்தையில் மலிவாகக் குவிந்ததால் சோயாப் பிண்ணாக்கின் விலை அடிபட்டது. சோயாவில் லாபம் இல்லை என்று கண்ட மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர விவசாயிகள் சிலர் மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். 2025 காரீப் (தென்மேற்குப் பருவமழை) பருவத்தில் மக்காச்சோளப் பரப்பு ஏறியது, சோயாப் பரப்பு இறங்கியது. நம் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இறக்குமதி. அதில் பெரும்பங்கு இந்தோனேசியா, மலேசியாவின் பாமாயில். இங்கே எண்ணெய் வித்து குறைய, அங்கே எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்கான தேவை கூடுகிறது. காட்டை அழித்து, கரிமண் சதுப்பை வடித்து நட்ட பனைத்தோட்டங்கள் எத்தனை ஆண்டுகளுக்கான கரியமில வாயுவை வெளியேற்றின என்பது உலகம் அறிந்தது. மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் வயலில் எடுத்த முடிவின் புகை இந்தோனேசியத் தீவான சுமத்திராவில் எழலாம். நம் எத்தனால் கணக்கேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இப்படிச் சுற்றிவரும் விளைவைப் பற்றிய விவாதம் அமெரிக்காவில் 2008-லேயே வெடித்தது. அந்நாட்டு மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் எத்தனால் ஆலைக்குப் போகிறது. பெட்ரோலைவிட 40 சதவீதத்துக்கு மேல் மாசு குறைவு என்று ஒரு தரப்பு ஆய்வுகள் சொல்கின்றன. புல்வெளிகள் உழப்பட்டதையும் உரப் பயன்பாடு ஏறியதையும் சேர்த்துக் கணக்கிட்ட 2022 ஆய்வு ஒன்று, பெட்ரோலைவிடக் குறைவே இல்லை, 24 சதவீதம் கூடுதலாகவே இருக்கலாம் என்றது. இரு தரப்பும் மெய்யான எண்களையே வைக்கின்றன. நிலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதிலேயே பிரிகிறார்கள். சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் நிலை. வயலில் இடும் யூரியாவிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதை விட்டுவிட்டுப் போடும் கணக்கு பாதிக் கணக்கு.

இனி 30 சதவீதத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கூடுதல் 10 சதவீதத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 500 கோடி லிட்டர் தேவை. அது முழுவதும் மக்காச்சோளத்திலிருந்து என்றால் 1.3 கோடி டன். ஹெக்டேருக்கு மூன்றரை டன் என்ற விளைச்சலில் 37 லட்சம் ஹெக்டேர். தமிழ்நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பில் முக்கால் பங்கு அளவு நிலம், பெட்ரோலில் பத்து சதவீதத்துக்காக.

அரிசியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. உடைந்த, பூச்சி அரித்த, உண்ணத் தகாத தானியத்தை வடிக்கலாம், தடையில்லை. ஆனால் 2024-25 எத்தனால் ஆண்டுக்கு (நவம்பர் முதல் அக்டோபர் வரை) இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து 52 லட்சம் டன் அரிசி ஒதுக்கப்பட்டது. கிலோவுக்கு 40 ரூபாய் அளவில் அரசுக்கு அடக்கமாகும் அரிசி வடிப்பாலைக்கு 22.50 ரூபாய்க்குப் போனது. ஒரு கிலோ அரிசி விளைய 3,000 லிட்டர் நீர் என்று வைத்தால், ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 6,500 லிட்டருக்கு மேல் ஆகிறது. நீரிலும் பணத்திலும் அறத்திலும் எல்லா வழிகளிலும் மோசமான வழி இதுவே. பசித்தவர்கள் இருக்கும் நாட்டில் உண்ணும் அரிசியை எரிப்பதற்கு நான் உடன்படவே மாட்டேன்.

வைக்கோலும் வெயிலும்

பயிரை விட்டுவிட்டுப் பயிர்க்கழிவிலிருந்து எடுப்பது இரண்டாம் தலைமுறை எத்தனால். அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் 2022 ஆகஸ்டில் திறந்த ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எடுக்கும் திறன் கொண்டது. தில்லியை மூச்சுத்திணற வைக்கும் வைக்கோல் எரிப்புக்கும் அது ஒரு மாற்று. கொள்கையளவில் இதைவிட நல்லது இல்லை. நடைமுறையில் மிகக் கடினம். வைக்கோலைச் சில வாரங்களுக்குள் சேகரித்து ஆண்டு முழுவதும் சேமிக்க வேண்டும். நாரை உடைக்கும் நொதிகள் விலை அதிகம். மண்ணும் உமியும் இயந்திரத்தை அரிக்கும். அமெரிக்காவில் டியூபாண்ட் அயோவாவில் கட்டிய பெரிய ஆலை 2017-இல் மூடப்பட்டது. ஆண்டுக்கு ஆயிரம் கோடி லிட்டருக்கு மேல் எத்தனால் தேவைப்படும் நாட்டுக்கு இது உடனடி விடையாகாது. அதே கழிவை அழுத்தப்பட்ட எரிவாயுவாக மாற்றுவது எளிய தொழில்நுட்பம். மிஞ்சுவதை வயலுக்கு உரமாகவும் திருப்பலாம். ஆலைக் கழிவு மண், சாணம், சந்தைக் குப்பை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எத்தனாலுக்குக் கொடுக்கும் முனைப்பில் பாதியை இதற்குக் கொடுத்தால் பலன் கூடுதலாக இருக்கும்.

கடைசியாக வெயில். ஓர் ஏக்கர் நிலம் ஒரு காரை எவ்வளவு தூரம் ஓட்டும் என்று கணக்கிடுவோம். கரும்புச் சாற்றின் 2,800 லிட்டர் எத்தனால், ஆற்றலில் சுமார் 1,870 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் 30,000 கிலோமீட்டர். நன்றாக விளைந்து 25 குவிண்டால் தரும் ஓர் ஏக்கர் மக்காச்சோளம் ஒரு போகத்துக்கு 10,000 கிலோமீட்டர். கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. நான் தாராளமாக மெகாவாட்டுக்கு 5 ஏக்கர் என்றே வைக்கிறேன். ஆண்டுக்கு மெகாவாட்டுக்கு 16 லட்சம் யூனிட், ஏக்கருக்கு 3.2 லட்சம். கடத்தலிலும் சார்ஜ் ஏற்றுவதிலும் ஐந்தில் ஒரு பங்கு இழந்தாலும், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் கணக்கில் 15 லட்சம் கிலோமீட்டர். கரும்பைப் போல் 50 மடங்கு, மக்காச்சோளத்தைப் போல் 150 மடங்கு. இரண்டு போகம் எடுத்தாலும், சக்கையையும் தீவனத்தையும் பயிரின் பக்கம் சேர்த்தாலும் இந்த இடைவெளி மூடாது. கூரைமேல் வைத்தால் நிலமே தேவையில்லை.

மின்வாகனத்துக்கு எதிரான வாதங்களையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. அந்த மின்சாரத்தில் ஓடும் கார், பெட்ரோல் காரைவிட இன்றைக்குச் சிறிதளவே மேல். பேட்டரிக்கான லித்தியம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சூரியப் பூங்காக்கள் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிய புகார்களும் உண்டு. கோடிக்கணக்கான பழைய வண்டிகள் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடும், அவற்றுக்கு எத்தனால் உடனே உதவுகிறது என்பதும் உண்மை. ஆனால் மின்சாரம் ஆண்டுதோறும் சுத்தமாகிக்கொண்டே போகும். கரும்புக்கோ மக்காச்சோளத்துக்கோ தேவைப்படும் நீர் அப்படிக் குறையாது. நம் பெட்ரோலில் பாதிக்கு மேல் இருசக்கர வாகனங்கள் எரிக்கின்றன. மின்மயமாக்க மிக எளியவையும் அவையே. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின் ஸ்கூட்டர்கள் தயாராகி வெளியே வருகின்றன. ஓட்டுநர் கையில் காசு மிஞ்சுவதும் இந்த வழியில்தான்.

ஆகவே என் தேர்வு இது. கலப்பு 20 சதவீதத்தோடு நிற்கட்டும், அதற்கு மேல் புதிய வடிப்பாலைகளுக்கு வட்டி மானியம் வேண்டாம். கழிவுப்பாகும் உபரி ஆண்டின் இடைநிலைப் பாகும் முதல் உரிமை பெறட்டும். கிடங்கு அரிசி அடுத்த ஆண்டே நிறுத்தப்படட்டும். மக்காச்சோளத்தின் பங்கு, இறக்குமதி தேவைப்படாத அளவுக்கு மேல் போகாதபடி ஆண்டுதோறும் உச்சவரம்பு வைக்கட்டும். வரம்பு குறையும் ஆண்டில் கலப்பும் குறையட்டும். 20 என்ற எண்ணை எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. பெரம்பலூர் விவசாயிக்குக் கிடைத்த விலை போய்விடக் கூடாது என்றால், குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு உண்மையான கொள்முதல் வேண்டும். நிலக்கடலை, எள், சூரியகாந்திக்கும் அதே உறுதி கிடைத்தால், அவர் எண்ணெய் வித்துக்குத் திரும்பவும் வாய்ப்பு உண்டு.

இந்த முடிவுகள் தில்லியில் எடுக்கப்படலாம். ஆலைகள் வருவது ஊருக்குள். பஞ்சாபின் ஜீரா அருகே மன்சூர்வால் கிராமத்தில் எத்தனால் ஆலை நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று 2022 முதல் மாதக்கணக்கில் மக்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். 2023 ஜனவரியில் முதல்வர் ஆலையை மூட உத்தரவிட்டார். உங்கள் ஊரில் இப்படி ஓர் ஆலைக்கு இடம் பார்த்தால், கிராம சபையில் சில கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். தண்ணீர் ஆற்றிலிருந்தா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா? ஒரு நாளைக்கு எவ்வளவு? மூலப்பொருள் கழிவுப்பாகா, தானியமா, தானியம் என்றால் எந்த மாவட்டத்திலிருந்து? கழிவுநீரை எரிக்கப் போகிறார்களா, குளம் வெட்டித் தேக்கப் போகிறார்களா? கொதிகலனில் எதை எரிப்பார்கள், சக்கையா நிலக்கரியா? கடைசிக் கேள்விக்கு நிலக்கரி என்று பதில் வந்தால், அந்த எத்தனாலின் பசுமைக் கணக்கில் பெரும்பகுதி கொதிகலனிலேயே எரிந்துவிடும். அந்த ஆலைக்கு நிலம் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள்.